வெயிலில் காயவைத்த ஸ்ட்ரிப்

ஒரு நாள் காலையில் செருப்புக்குள் கால் நுழையவில்லை. நாள் முழுக்கத் தையல் மிஷினில் உட்காருகிறவள் கால் வீங்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். முகமும் வீங்கிய பிறகுதான் கீழப்பழுவூரிலிருந்து பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் ஏறியிருந்தது. முதுகுவலிக்கு வருடக்கணக்கில் மெடிக்கலில் வாங்கி விழுங்கிய மாத்திரைகளின் வேலை.

"இன்னும் ஏறுனா டயாலிசிஸ்தாம்மா (ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்வது)," என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அந்தச் சொல்லோடுதான் தூங்கி எழுந்தேன்.

மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சி ஒன்றுக்காக, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் புதுக் கருவியைச் சில நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். எனக்கும் கிடைத்தது. மருந்து தடவிய சின்னப் பட்டையான ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துச் செருகினால் உள்ளே நீல வெளிச்சம் எரியும். வெளிச்சம் பட்டதும் ஸ்ட்ரிப்பில் துளி மின்சாரம் உண்டாகும். கழிவு கூடினால் அதுவும் கூடும். கருவி அதை எண்ணாகக் காட்டும். இதை நம்பி ஆஸ்பத்திரிப் பரிசோதனையை விடக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் விவசாயி. எங்கள் சோளக் கொல்லையில் சோலார் மோட்டார் போட்டதிலிருந்து அவருக்கு வெயில்தான் எல்லாம். கருவியையும், டப்பாவுக்குள் கறுப்புக் கவரில் வந்த ஸ்ட்ரிப்புகளையும் பத்திரமாக வைக்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார்.

எண் வாரத்துக்கு வாரம் இறங்கியது. எனக்குக் கால் இலேசானது, பசித்தது. அவர் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு ஒரு மூட்டை சோளம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார்.

ஆனால் அடுத்த ஆஸ்பத்திரிப் பரிசோதனையில் கிரியாட்டினின் முன்பைவிட ஏறியிருந்தது. டாக்டர் ஸ்ட்ரிப் டப்பாவை வாங்கிப் பார்த்தார்.

"கறுப்புக் கவர் எங்கங்க? இத எங்க வச்சிருந்தீங்க?"

"வெளிச்சத்துல ஓடுறதுன்னு சொன்னீங்களே சார். அதான் டெய்லி பிரிச்சு வெயில்ல காய வச்சேன், சார்ஜ் ஏறட்டும்னு," என்றார் இவர்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஸ்ட்ரிப்பில் தடவியிருக்கும் என்சைம் (கழிவை இனங்காணும் புரதம்) வெயில் சூட்டில் கெட்டுவிட்டது, அதனால்தான் கழிவைக் குறைத்துக் காட்டியது என்று விளக்கினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பஸ் ஸ்டாண்டில் வைத்து அவரைக் கேட்டேன். "பெருமாளுக்குக் கொட்டுன சோளத்தத் திருப்பியா கேக்க முடியும்?"

"வுடு புள்ள. இனிமே நல்லாவறதுக்குக் குடுத்ததா இருக்கட்டும்," என்றார். கண் கலங்கியிருந்தது. அதற்குமேல் அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

மருந்தை மாற்றினார்கள். உப்பைக் குறைத்தேன், வலி மாத்திரையைத் தொடுவதில்லை. இப்போது கிரியாட்டினின் ஏறாமல் நிற்கிறது. டயாலிசிஸ் வரவே வராது என்று யாரும் சொல்லவில்லை. இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்குச் சொல்வேன்: வீட்டுக் கருவி நல்லது காட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஒன்றுதான் விளங்கவில்லை. எண் பொய் சொன்ன அந்த வாரங்களில் என் கால் நிஜமாகவே இலேசாக இருந்தது. உண்மை தெரிந்த அன்று சாயங்காலமே கனத்தது. அதிலிருந்து என் உடம்பு சொல்வதையும் நான் முழுதாக நம்புவதில்லை.

அடுத்த பரிசோதனையில் என்ன வருமோ என்று, அதற்குப் பிறகு தைத்துக் கொடுக்க வேண்டிய துணி எதையும் வாங்காமல் இருந்தேன். போன வாரம் பக்கத்துத் தெருப் பெண் தன் கல்யாண ரவிக்கைத் துணியோடு வந்தாள். கல்யாணம் தை மாதத்தில். பரிசோதனை அதற்கு முன்னாலேயே வருகிறது. கொஞ்ச நேரம் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அவளுக்கு அளவெடுத்தேன்.