இட்லி சாப்பாட்டில் சேருமா?

சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு முறை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலேறிச் சென்னைக்கு டயாலிசிஸுக்குப் போய்வருகிறேன். ஒரு மாதத்துக்கு முன் டாக்டர் புதிதாகத் தொண்ணூறு மாத்திரை எழுதி, "சாப்பாட்டோட ஒண்ணு போடுங்க" என்றார். எதற்கென்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாளும் தவறாமல் போட்டேன். ஆனாலும் உடம்பெல்லாம் அரிப்பு. முதுகைச் சொறிந்து சொறிந்து ரத்தமே வந்தது. "இன்னாங்க இது, சட்டையெல்லாம் கறை?" என்று என் மனைவி பயந்துபோனாள்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், பாஸ்பரஸ் ஏறிவிட்டது, அரிப்பும் அதனால்தான், இப்படியே போனால் எலும்பு வலுவிழந்துவிடும் என்றார். மாத்திரையை இரட்டிப்பாக்கி எழுதப் போனார்.

"பழையதே அறுபது மீதி இருக்கே, டாக்டர்" என்றேன்.

"எல்லாம் தீர்ந்திருக்கணுமே! காலையில சாப்பிடும்போது போடலையா?"

"காலையில சாப்பாடு ஏது டாக்டர்? இட்லிதான். ராத்திரியும் டிபன்தான். மத்தியானம் மட்டும்தான் சாப்பாடு."

பக்கத்திலிருந்த நர்ஸ் சிரித்துவிட்டார். "ஏன் பெரியவரே, இட்லி இன்னா காத்தா?"

டாக்டர் சிரிக்கவில்லை. உணவிலுள்ள பாஸ்பரஸை ரத்தத்தில் சேரவிடாமல் வயிற்றிலேயே பிடித்துவைக்கும் மாத்திரை அது, எதைத் தின்றாலும் அதோடு போட வேண்டும் என்று விளக்கினார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நானே யோசித்திருப்பேன்.

இப்போது எந்த மாத்திரை கொடுத்தாலும் எதற்கு, எதனோடு என்று கேட்காமல் நான் எழுந்திருப்பதில்லை. போன முறை, "சாயங்காலம் ரெண்டு பிஸ்கட் தின்பேனே, அதுக்கு?" என்றும் கேட்டேன். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.