மேஸ்திரி என்று கூப்பிட்டால்

போன வாரம் ஏதோ அட்டை புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு பெண் பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் போனை வைத்துக்கொண்டு பெயர், வயசு எல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவள், “செஞ்ச தொழில் இன்னாம்மா?” என்றாள். மேஸ்திரி என்றேன். “உங்க வீட்டுக்காரரா?” என்றாள். இல்லை, நான்தான் என்றேன். அவள் போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, அந்த வார்த்தையே இதில் இல்லை என்று சொல்லி, கட்டடத் தொழிலாளி என்று போட்டுக்கொண்டு போனாள். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அவள் போட்டது தப்பில்லை, ஆனால் பத்தாது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அந்தக் காலத்தில் தாம்பரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு மேஸ்திரி மேல்தான் விழவேண்டும். ரயில் பாதையில் கல் கொட்டுகிறவர்களுக்கு ஒரு மேஸ்திரி. தெருக் கூட்டுகிறவர்களுக்கு ஒரு மேஸ்திரி, அவர் கையில் துடைப்பம் இருக்காது, நோட்டு இருக்கும். தையல் கடையில் துணி வெட்டுகிறவரும் மேஸ்திரிதான். வேலை செய்யாமல் வேலை சொல்கிற மாமியாருக்கும் முதுகுக்குப் பின்னால் அதே பெயர். எங்கள் மாமியாருக்கு நான் வைத்ததும் அதுதான், அவர் இப்போது இல்லை, அதனால் சொல்கிறேன்.

எங்கள் மேஸ்திரி ஏழுமலை. வீடு கட்டுகிறவர். மடித்துக் கட்டிய லுங்கி, காதில் பென்சில், பக்கத்தில் வந்தால் பீடியும் ஈரச் சிமெண்டும் கலந்த ஒரு வாசனை. நான் அவரிடம் சித்தாள். கலவையைச் சட்டியில் சுமந்து கொடுப்பது என் வேலை. சித்தாள் பெண்ணாக இருக்கலாம், கொத்தனார் ஆணாகத்தான் இருக்கவேண்டும். யார் போட்ட சட்டமோ தெரியாது. ஆனால் சாப்பாட்டு வேளையில் ஆண்கள் படுத்துக் கிடக்கும்போது நான் கரணையை எடுத்து, கக்கூஸ் சுவரின் பின்பக்கம் மிச்சக் கலவையைப் பூசிப் பார்ப்பேன். ஆறு வருஷம் அப்படிப் பழகினேன். மேஸ்திரிக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார். என்றைக்காவது ஒரு நாள் அந்தக் கரணையை அவரே என் கையில் கொடுக்கவேண்டும் என்பதுதான் எனக்கு ஆசை. வேறு ஒன்றும் பெரிதாகக் கேட்டதில்லை.

ஊரப்பாக்கத்தில் ஒரு டீச்சர் வீடு கட்டினார். கிறிஸ்துவர். வாஸ்து, மூலை எதுவும் பார்க்காதவர். தெருப்பக்கம் வாய்க்கால் இருந்ததால் மொட்டை மாடித் தண்ணீர் முன்பக்கம் இறங்கட்டும் என்று சொல்லி, தென்மேற்கு மூலையில் குழாய் வைக்கச் சொன்னார். குழாயும் வைத்தாயிற்று. மாடியில் ஓடு பதிக்கிற நாளில், தண்ணீர் ஓடுகிற வாட்டத்துக்கு மேஸ்திரி நூல் கட்டினார். சட்டியோடு ஏறிய நான் நூலைப் பார்த்தேன். வாட்டம் வடகிழக்குக்குப் போயிருந்தது. எல்லா வீட்டுக்கும் ஈசானியத்துக்கே தண்ணீர் விட்டுப் பழகிய கை, இங்கேயும் தானாக அந்தப் பக்கமே சாய்த்துவிட்டது.

அந்த மூலையில் குழாயே இல்லையே என்றேன்.

“நான் போட்ட தண்ணி இருபது வருசமா ஈசானியத்துக்குத்தான் போய்கினு கீது. நீ சட்டியத் தூக்குமே” என்றார்.

“மேஸ்திரியம்மா சொல்லிட்டாங்கப்பா, கேட்டுக்கோங்க” என்று ஒரு கொத்தனார் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என்கூடச் சட்டி தூக்குகிற கன்னியம்மாளும் சிரித்தாள். அதுதான் எனக்குச் சுருக்கென்று இருந்தது. சாயங்காலம் வரை சட்டி தூக்கினேன்.

அன்று ராத்திரி மழை. காலையில் போனால், மாடியின் வடகிழக்கு மூலையில் வாத்து விடலாம் போல் தண்ணீர். டீச்சர் படியிலேயே நின்றிருந்தார். இன்னும் பூச்சு, தரை, சுற்றுச்சுவர் என்று எங்கள் எல்லோருக்கும் மூன்று மாச வேலை அந்த வீட்டில் பாக்கி இருந்தது. கூடுவாஞ்சேரியில் வேறு ஆள் இருக்கிறார் என்று டீச்சர் முன்பே ஒருமுறை சொல்லியிருந்தார்.

“இதுக்கு யார் மேஸ்திரி?” என்று கேட்டார்.

ஏழுமலை காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்தார், திரும்பக் காதிலேயே வைத்தார். எங்களில் யார் தலையிலாவது போடப்போகிறார் என்று நினைத்தேன். அப்படிப் போடுகிற மேஸ்திரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

“நான்தான் டீச்சர். தப்பு என்னுது. நேத்தே இந்தம்மா சொல்லிச்சு, நான் கேக்கல. இன்னிக்கு இந்தம்மாதான் ஓடு போடும்.”

“அப்போ நீங்க?”

“நான் சட்டி தூக்குறேன்.”

கரணையைக் கழுவி, லுங்கியில் துடைத்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். ஈரமாக இருந்த ஓடுகளை எல்லோருமாகப் பெயர்த்தோம். நான் நூல் கட்டினேன். முதல் நாள் கிண்டல் பேசிய கொத்தனார் பொம்பளை கட்டிய நூலுக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்ய மாட்டேன் என்று இறங்கிப் போனார். ஏழுமலை தலையில் சும்மாட்டுத் துணியும் அதன்மேல் சட்டியுமாகப் படியேறி வருவதைப் பார்த்ததும் அவரும் திரும்பி வந்து கலவை குழைத்தார். அந்தச் சும்மாட்டை மேஸ்திரிக்குச் சுற்றத் தெரியவில்லை. இரண்டு தடவை சட்டி சரிந்து கலவை தோளில் வழிந்தது. கன்னியம்மாள்தான் சுற்றிக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து, காய்ந்த ஓட்டின் மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினேன். அது யோசித்து யோசித்துப் போகிற மாதிரி இருந்தது. கன்னியம்மாள் கீழே குழாய் வாயில் குந்தியிருந்தாள்.

“வந்துட்ச்சி மேஸ்திரி” என்றாள்.

ஏழுமலை திரும்பவில்லை. சட்டியைக் கழுவிக்கொண்டே, “உன்னத்தான் கூப்புடுறா, பதில் சொல்லு” என்றார்.

அதற்கப்புறம் பல வருஷம் நான் தனியாக ஆள் வைத்து வேலை எடுத்தேன். ஒவ்வொரு புது இடத்திலும் முதல் நாள் நான் ஒரு வேலை சொன்னதும் ஒரு சிரிப்பு எழும்பும். வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரிப்பார்கள். அது அடங்கும் வரை நின்றுவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்வேன். அதற்கு ஆகிற நேரத்தையும் சேர்த்தே நாள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

எங்கள் தெரு முனையில் இப்போது அடுக்குமாடி எழும்புகிறது. லாரியிலிருந்து குழாய் வழியாகக் கலவை தானே மேலே ஏறுகிறது. கைமாற்றிக் கைமாற்றிச் சட்டி கொடுத்த பெண்களின் வரிசை இல்லை, சும்மாடு இல்லை. மேஸ்திரி என்று யாரும் யாரையும் கூப்பிடக் காணோம். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண், இருபத்தைந்து வயசு இருக்கும், இந்தக் கம்பியை அவிழ்த்து மறுபடி கட்டுங்கள் என்று நாற்பது ஆண்களைப் பார்த்துச் சொன்னாள். நான் வேலி ஓரமாக நின்று, பழக்கத்தில், அந்தச் சிரிப்புக்குக் காத்திருந்தேன்.

“சரி மேடம்” என்று சொல்லிவிட்டு அவிழ்க்கத் தொடங்கினார்கள்.