ஆட்டம் முடியும்வரை இருந்த அம்மா

எங்கள் அம்மா நம்மை விட்டுப் பிரிந்து இந்த ஆவணியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அம்மாவைப் பற்றி நான் எழுதப்போகிறேன் என்று தெரிந்ததும், உறவினர்களில் பலர் ஒரே விஷயத்தைத்தான் விசாரித்தார்கள். பெண்ணைக் கூட்டி வரச் சென்னைக்குப் போன அம்மா, கூட்டி வராததோடு தானும் ஏன் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்பதுதான் அது. நெடுங்காலமாக நம் சொந்தங்களுக்குள் இதற்குப் பல காரணங்கள் உலவுகின்றன. அந்த நாட்களில் அம்மாவின் பக்கத்தில் இருந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது குமாரலிங்கபுரத்தில். ஐந்தாம் வகுப்புவரை படித்தார்கள். திருச்சுழிக்குத் தெற்கே, பஸ்ஸை விட்டு இறங்கியும் வெகுதூரம் நடக்க வேண்டிய எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார்கள். மழையை மட்டும் நம்பிய கரிசல் காடு. கொத்தமல்லி, பருத்தி, கம்பு என்று வானம் பார்த்து விதைப்பார்கள். நான் ஆறாம் வகுப்பு படித்தபோது அப்பா காய்ச்சலில் காலமானார்கள். அதன்பின் காட்டையும் என்னையும் அம்மா ஒருவரே பார்த்துக்கொண்டார்கள். அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா, பாளையம்பட்டியில் கடை வைத்திருந்தார்கள். விதைப்புக்கு மாடு பிடித்துக் கொடுப்பது முதல் என்னை அருப்புக்கோட்டையில் விடுதிப் பள்ளியில் சேர்த்தது வரை எல்லாம் மாமாதான் செய்தார்கள். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்வதுதான் நியாயம்.

அம்மாவுக்கு எதையும் விசாரிக்காமல் இருக்க முடியாது. நிலம் அளக்க வந்த சர்வேயரிடம் சங்கிலியை வாங்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். வளையல்காரரிடம், கண்ணாடியை எப்படி ஒட்டுத் தெரியாமல் வளைக்கிறார்கள் என்று கேட்பார்கள். டவுன் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவர் கால் எதை எப்போது மிதிக்கிறது என்று பார்த்து வருவார்கள். தெரிந்து என்ன செய்யப்போகிறாய் என்று மாமா ஒருமுறை சலித்துக்கொண்டபோது, “தெரியாம இருந்து மட்டும் என்னண்ணே செய்யப் போறேன்?” என்றார்கள்.

விடுதிப் பள்ளியில்தான் நான் வாலிபால் ஆடப் பழகினேன். மாவட்டம், மாநிலம் என்று போய், எண்பதுகளின் கடைசியில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த சமயத்தில், இளையோர் பெண்களுக்கான இந்திய அணியில் எனக்கு இடம் கிடைத்தது. பல நாட்டுப் பெண்கள் அணிகள் கலந்துகொள்ளும் போட்டி சென்னையில் நடக்கவிருந்தது. அதற்காக எங்களை முகாமுக்கு அழைத்துக்கொண்டார்கள்.

நான் முகாமில் இருக்கும்போது மாமா எனக்கு ஒரு வரன் பார்த்து முடித்துவிட்டார்கள். அருப்புக்கோட்டையில் அரசாங்க வேலையில் இருந்த மாப்பிள்ளை. நல்ல குடும்பம். ஆனால் பெண் அரைக்கால் சட்டையோடு ஆடும் படம் பத்திரிகையில் வருவதற்குள் பேச்சை முடித்துக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் தரப்பில் அவசரப்பட்டார்கள். போட்டி நடக்கும் வாரத்திலேயே நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்று அம்மாவை மாமா பஸ் ஏற்றிவிட்டார்கள். அம்மா மதுரைக்கு அந்தப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை.

ஒரு நாள் காலை நாங்கள் பயிற்சி முடித்து வெளியே வரும்போது, அரங்கத்தின் வாசலில் காவலாளியோடு அம்மா பேசிக்கொண்டு நின்றார்கள். உள்ளே விட மறுத்த அந்த மனிதரிடம், எத்தனை நாட்டிலிருந்து வந்திருக்கிறார்கள், அவர்களெல்லாம் நம் சோற்றைச் சாப்பிடுகிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கையில் ஒரு துணிப்பை. அதில் எனக்கு மாற்றுப் புடவையும் அருப்புக்கோட்டையில் வாங்கிய கருப்பட்டி மிட்டாயும் இருந்தன. புடவையைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் பயிற்சியாளர் கேரளத்துப் பெண்மணி. தமிழ் நன்றாகப் பேசுவார்கள். அவர்கள்தான் அம்மாவை உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்தார்கள்.

அன்று எங்களுக்கு ஜப்பானோடு ஆட்டம். மூன்று செட்டிலும் தோற்றோம். அவர்கள் போடும் சர்வீஸ் நேராக வருவதுபோல் வந்து கையருகே நழுவும். ஆட்டம் முடிந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அம்மாவிடம் போனேன். தோற்றதைப் பற்றியோ சட்டையைப் பற்றியோ அம்மா வாய் திறக்கவில்லை. ஆட்டம் முழுவதும் அவர்கள் மனத்தில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

“ஏன் தாயி, பந்து உன் கைக்குத்தான் பூப்போல வருது. அத நீ அடிக்காம அடுத்தவளுக்கே தூக்கித் தூக்கிக் குடுக்குறியே, ஏன்?”

அணியில் அதுதான் என் வேலை, அதற்குச் செட்டர் என்று பெயர், நான் சரியான இடத்தில் தூக்கிக் கொடுத்தால்தான் மற்றவள் அடிக்க முடியும் என்று விளக்கினேன்.

“அப்ப கை தட்டுறதெல்லாம் அடிக்கிறவளுக்கா?”

“ஆமாம்மா.”

“யாருக்குக் குடுக்கணும்னு உனக்கு யாரு சொல்றா?”

யாரும் சொல்வதில்லை, பந்து வருவதற்குள் நானே முடிவு செய்ய வேண்டும் என்றேன். எதிரே நிற்பவர்களுக்கு அது முன்கூட்டித் தெரிந்துவிடாதா என்று அடுத்த கேள்வி. தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வித்தை என்றேன். அதை மறுபடி பார்க்க வேண்டும்போல் இருந்தது அவர்களுக்கு. மத்தியானம் வேறு இரண்டு நாடுகள் ஆடிய ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அங்கேதான் ஒரு ஜப்பான் அம்மாளைச் சந்தித்தார்கள். தன் மகள் ஆடுவதைப் பார்க்க அவ்வளவு தூரம் வந்திருந்தவர். அம்மா கருப்பட்டி மிட்டாயை நீட்ட, அவர் முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு துண்டு தின்றார். பிறகு இன்னொன்று கேட்டு வாங்கினார். அதன்பின் அம்மா சும்மா இருப்பார்களா? எங்கள் பயிற்சியாளரைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அம்மா தமிழில் கேட்க, பயிற்சியாளர் ஆங்கிலத்தில் சொல்ல, அந்த அணியோடு வந்த ஒருவர் ஜப்பானிய மொழியில் சொல்ல, பதில் அதே வழியாகத் திரும்பி வந்தது. உங்கள் ஊரில் மழை எப்போது, மகளுக்கு வரன் பார்த்தாயிற்றா, அவள் இப்படி ஆடுவதற்கு வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையா என்றெல்லாம் அம்மா கேட்டார்கள்.

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் எங்களுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவராம். மில் பெண்களுக்கென்றே ஒரு அணி இருந்ததாம். ஷிப்டு முடிந்து அந்த அணியில் ஆடினாராம்.

“கலியாணத்துக்குப் பெறகுமா? கேளுங்க.”

ஆமாம், மகள் பிறந்த பிறகும் கொஞ்ச காலம் ஆடினேன் என்று பதில் வந்தது. அம்மா வேறெதுவும் கேட்கவில்லை. என் நினைவில், அம்மா ஒருவரிடம் பேச்சை எடுத்து அதைத் தானாக நிறுத்திக்கொண்டது அப்போதுதான்.

சாயங்காலம் அரங்கத்துக்கு வெளியே உட்கார்ந்து, வந்த காரியத்தை அம்மா சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள் என்றார்கள். மாமா வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றார்கள். அம்மா எழுந்து நேராகப் பயிற்சியாளரிடம் போனார்கள். பெண்ணை இப்போது கூட்டிக்கொண்டு போனால் பிறகு சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார்கள்.

“உங்க பொண்ணு, நீங்க கூட்டிட்டுப் போகலாம். ஆனா போட்டிக்கு நடுவுல போனா அடுத்த தடவை பேர் வராது. அதை நான் மறைக்கக்கூடாது” என்றார்கள் பயிற்சியாளர்.

அம்மா திரும்பி வந்து என்னிடம், “உனக்கு என்ன தோணுது, சொல்லு” என்றார்கள்.

என் கல்யாணத்தைப் பற்றி அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அம்மா தலையாட்டினார்கள். அம்மா மட்டும் ஊருக்குப் போய் மாமாவின் கோபத்துக்கு முன் நிற்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அம்மா பயிற்சியாளரை அழைத்துக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போய் ஊருக்குத் தந்தி கொடுத்தார்கள். பிள்ளை வரவில்லை, நானும் வரவில்லை, ஆட்டம் இன்னும் முடியவில்லை என்பதுதான் செய்தி. பயிற்சியாளர் அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு நம் ஊர்களில் தந்தி வந்தால் என்ன அர்த்தம் என்பது இதைப் படிக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். நிச்சயத்துக்காக எங்கள் ஊருக்கு வந்திருந்த மாமா, அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கியதும் தரையில் உட்கார்ந்துவிட்டார்களாம். அதைப் படித்துச் சொல்ல வாத்தியார் வருவதற்குள் அம்மாவுக்காக ஒரு கூட்டமும் எனக்காக ஒரு கூட்டமுமாகப் பெண்கள் அழுது தீர்த்திருக்கிறார்கள். வாத்தியார் வந்து அர்த்தம் சொன்னதும் அழுகை நின்றது. மாமா அன்று அம்மாவோடு நிறுத்திய பேச்சைப் பல வருடம் தொடரவில்லை.

எங்கள் அணி அதற்கடுத்த ஆட்டங்களிலும் தோற்றது. கடைசி ஆட்டம் ஏழாவது இடத்துக்கானது. அதில் ஐந்து செட்டும் ஆட வேண்டியிருந்தது. கடைசி செட்டில் எங்கள் பெரிய ஆட்டக்காரிக்கே நான் பந்தைக் கொடுப்பேன் என்று எதிரணியினர் அவளையே சூழ்ந்து நின்றார்கள். நான் பின்பக்கமாக, யாரும் எதிர்பார்க்காத ஒருத்திக்குத் தூக்கிப் போட்டேன். அவள் அடித்தாள். ஜெயித்தோம். எத்தனை அணியில் ஏழாவது என்று அம்மா கேட்டார்கள். எட்டு என்றேன். அம்மா வாய்விட்டுச் சிரித்தார்கள். பிறகு மிச்சமிருந்த மிட்டாயை எடுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் அழுதுகொண்டிருந்த பிள்ளைகளிடம் போனார்கள். “அதுகளும் எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்துருக்குக” என்றார்கள்.

ஊரில் அந்த வரன் வேறு இடத்தில் முடிந்துவிட்டது. அம்மாவை நம் சொந்தங்களில் சிலர் விசேஷங்களுக்கு அழைப்பதை நிறுத்தினார்கள். அடுத்தடுத்து மழை பொய்த்த வருடங்களில் மாடுகளை விற்றார்கள், பிறர் காட்டில் கூலிக்குப் போனார்கள். மாமாவின் உதவி இல்லாமல் அம்மா காடு பார்த்தது அந்தக் காலத்தில்தான். விளையாட்டின் மூலம் எனக்கு மதுரையில் வேலை கிடைத்தது. அம்மா என்னிடம் வந்து இருக்க மறுத்துவிட்டார்கள். பின்னால் எனக்குக் கல்யாணம் பேசும்போது, எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுக் கடைசியில் என்னையும் கேட்டார்கள். என் கணவர் இன்றும் அதைப் பெருமையாகச் சொல்வார்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று தெரிந்தபோது மாமா மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கட்டிலருகே உட்கார்ந்து, “ஏத்தா, அந்தச் சப்பான்காரி அன்னைக்கு அப்படி என்னதான் சொன்னா?” என்றார்கள். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. இருந்தும் ஒன்றுவிடாமல் சொன்னார்கள். மாமா நடுவில் இரண்டு கேள்விகள்கூடக் கேட்டார்கள். அன்றிலிருந்து கடைசிவரை அம்மாவின் சாப்பாட்டை மாமாவே கொண்டு வந்து கொடுத்தார்கள்.

சிறுநீரகம் உடம்பில் என்ன வேலை செய்கிறது என்று அம்மா டாக்டரிடம் கேட்டார்கள். அவர் பொறுமையாக ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, தன்னுடையது இன்னும் எவ்வளவு காலம் ஓடும் என்றார்கள். அவர் பொய் சொல்லவில்லை. அம்மா ஊருக்குத் திரும்பி, காட்டைக் குத்தகைக்கு விட்டு, சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு காலைப்பொழுதில் கண்ணை மூடினார்கள்.

அந்த டாக்டருக்கும், அம்மாவைத் தாயாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், காரியங்கள் முடியும்வரை உடன் நின்ற ஊராருக்கும் எங்கள் நன்றி. மாமாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் சொல்கிறோம். பதினாறாம் நாள், எங்களில் யாருக்கும் அறிமுகமில்லாத ஒரு பெண்மணி மாலையோடு வந்தார். எப்போதோ திருச்சுழி பஸ்ஸில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவராம். இறந்துபோன தன் பிள்ளையைப் பற்றி அதுவரை யாருமே கேட்டதில்லை, உங்கள் அம்மாதான் அவன் பெயரைக் கேட்டார்கள் என்று சொல்லி அழுதார். அம்மா அதை எங்களிடம் சொன்னதேயில்லை. அப்படி உங்களிடமும் அம்மா ஏதாவது கேட்டிருந்தால், எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அம்மா என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.