சர்வருக்குப் பதிலாக ஒரு ஜோசியர்

தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடியில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் நான் கம்ப்யூட்டர் ஆள். பள்ளத்தூரிலும் சாக்கோட்டையிலும் கிளைகள். அங்கிருப்பவர்கள் போன் லைன் வழியாக எங்கள் சர்வரைப் பிடித்து, பிரௌசரில் பெண், பையன் நட்சத்திரங்களைக் கொடுத்தால், பொருத்தம் உண்டா இல்லையா என்று பக்கம் சொல்லிவிடும். புரோகிராம் நான் எழுதியது. அந்தத் திமிரில் கொஞ்ச நாள் கால் தரையில் படாமல் திரிந்தேன்.

ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் சர்வரின் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைக்க ஆரம்பித்தது. மாற்ற ஒரு பகல் முழுக்க வேண்டும். முதலாளியிடம் சொன்னேன்.

"பக்கம் நிக்கப்படாது. நின்னுச்சுன்னா நீயும் வேற இடம் பாத்துக்க."

எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான். வேலை போனால் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது? பயத்தில் புத்தி கோணலாக வேலை செய்தது. சர்வர் இடத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, வரும் கேள்வி என் திரையில் தெரியவும், நான் தட்டுவதே பதிலாகப் போகவும் செய்தேன். பொருத்தம் பார்க்க, என்னைவிட வயதில் சின்னவரான ஒரு ஜோசியரைப் பஞ்சாங்கத்தோடு பக்கத்தில் உட்காரவைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் சர்வரைக் கழற்ற, எங்கள் வேலை ஜோராக ஆரம்பித்தது. முதல் ஜாதகமே பொருந்தவில்லை. "பொருத்தம் இல்லை" என்று தட்டப் போனேன். ஜோசியர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படி மொட்டையா அடிக்காதீக. பொண்ணு பொறந்த நேரத்தைச் சரியாக் கேளுங்க."

அதையே கேள்வியாகத் தட்டினேன். கம்ப்யூட்டர் திருப்பிக் கேள்வி கேட்கிறது என்று சாக்கோட்டையில் கூட்டம் கூடிவிட்டதாம்.

பத்தரைக்குப் பஞ்சாங்கத்தை மூடிவிட்டார். "ராகு காலம். பன்னெண்டுக்கு மேல பாப்பம்."

கெஞ்சினேன். காலில் விழாத குறை. அவர் காபி குடிக்கப் போய்விட்டார். சர்வரோ பாகம் பாகமாக மேசையில் கிடந்தது. திரையில் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. "ராகு காலம். பன்னிரண்டு மணிக்கு மேல் வரவும்" என்று எல்லோருக்கும் தட்டிவிட்டேன்.

உடனே போன். அன்று சாக்கோட்டைக் கிளைக்குப் போயிருந்த முதலாளி. வேலை போச்சு என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"ஏய்யா, இத்தனை நாளும் ராகு காலத்துலயுமா அந்த மிசினு பொருத்தம் பாத்துச்சு? இப்பத்தான் நம்பிக்கை வந்துச்சுன்னு இங்குட்டு எல்லாரும் சொல்றாக!"

திங்கட்கிழமை புது டிஸ்க்கோடு சர்வரை ஓடவிட்டேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு கிளைகளிலிருந்தும் புகார். மிசின் கெட்டுப்போச்சு, வெடுக்கு வெடுக்கென்று பேசுகிறது, வெள்ளிக்கிழமை நன்றாகத்தானே இருந்தது என்றார்கள். வேறு வழியில்லாமல் வெள்ளிக்கிழமை நடந்ததை முதலாளியிடம் சொன்னேன். அவர் சர்வரை அணைக்கச் சொல்லிவிட்டு, ஜோசியருக்கு மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு வருட உழைப்பு அது.

என் வேலை போகவில்லை. ஜோசியருக்குத் தட்டத் தெரியாது என்பதால் என்னை வைத்துக்கொண்டார்கள். சொல்லித்தரச் சொல்லி அவர் கேட்டபோதெல்லாம், அதற்கு மூன்று வருடமாவது படிக்கவேண்டும் என்று சொல்லிவைத்தேன்.