சீதேவிப்பிள்ளையின் இரவல் வீடு

பெரியகல்லாற்றில் சீதேவிப்பிள்ளையைத் தெரியாத ஆள் கிடையாது. விடிந்தால் எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு அவளுடைய இடியப்பம்தான். நான் கதிரையும் பந்தலும் வாடகைக்குக் கொடுக்கிறவன், அவளுக்கு அடுத்த வளவு. அதனால் நடந்தது எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் நடந்தது.

அவள் புருஷனைச் சுனாமி கொண்டு போனது, வீட்டையும்தான். மிஞ்சியது கம்சாயினி என்ற பெண்பிள்ளை ஒன்று. முகாமில் கூடாரத்துக்குள் கிடந்த காலத்திலும் சீதேவிப்பிள்ளை வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளிக்காத நாள் இல்லை. நிவாரணம் கொடுக்க வந்தவனுக்கு அவன் கொடுத்த தேயிலையிலேயே தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவள். தன்னிடம் இல்லை என்பதை வெளியாள் கண்ணில் படவிடமாட்டாள். அதுதான் அவள் குணம்.

பிறகு ஏதோ வெளிநாட்டு நிறுவனம் ஓடு போட்ட கல்வீடு கட்டிக் கொடுத்தது. கண்ணாடி ஜன்னல், சுவரெல்லாம் சுவிட்ச். கரண்ட் எடுக்கத்தான் வழியில்லை. வெளியே பார்த்தால் உத்தியோகத்தர் வீடு. உள்ளே ஒரு பாயும் இடியப்பத் தட்டுகளும்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் கம்சாயினிக்குக் கெம்பஸ் கிடைத்தது. தெருவே துள்ளியது. ஆனால் பல்கலைக்கழகம் இருக்கிற வந்தாறுமூலையில் தங்கிப் படிக்க வேண்டும், இடியப்பத்தால் அது முடியாது. வறிய பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கிற பர்சரி கிடைத்தால் பிள்ளை போகும். கிடைக்காவிட்டால் வீட்டில் இருந்து தட்டுக் கழுவும். அதற்குக் கிராம சேவகர் வீட்டுக்கு வந்து பார்த்து, வருமானம் குறைவு என்று உறுதிப்படுத்த வேண்டும். பழையவருக்கு இவளைத் தெரியும். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் பிறெண்டா மிஸ், டவுன் பறங்கிப் பெண்மணி, போர்த்துக்கேயர் வழிவந்தவர். எங்கள் ஊரில் அவருக்கு ஒருவரையும் தெரியாது.

மிஸ் வருகிற அன்று காலையில் சீதேவிப்பிள்ளை என் வேலியடியில் நின்றாள்.

"அண்ணே, கொஞ்சம் கதிரை தாங்க. நல்லதாப் பார்த்து."

"என்னத்துக்குகா? மாப்பிள்ளை வீட்டாரா வாறாங்க?"

"மிஸ் வாறாதானே. அவவைத் தரையிலயா இருத்துற?"

"விசரா உனக்கு? இல்லாத ஆக்களுக்குத்தான் அந்தக் காசு. இல்லாத மாதிரி இரு."

"இல்லாமத்தானே அண்ணே இரிக்கன். வந்த மனிசிக்கு அதை விளக்குப் பிடிச்சுக் காட்டவும் வேணுமா?"

கதிரை போனது. முன்வீட்டு இளையதம்பி தன் டீவியையும் ஃபேனையும் தூக்கி வந்து வைத்தான். அதே தெரு இலட்சுமிப்பிள்ளை தன் சங்கிலியைக் கழற்றிப் பிள்ளையின் கழுத்தில் போட்டாள். பெண் பார்க்க வருகிற நாள் மாதிரி ஆளாளுக்கு ஒரே துடிப்பு.

"ம்மா, இது பிழையா முடியப் போகுது" என்றாள் கம்சாயினி.

"வாயை மூடு புள்ள. சங்கிலியை வெளிய எடுத்து விடு."

மிஸ் வந்தார். நாங்கள் திறந்து கிடந்த ஜன்னலுக்கு நேரே வேலியோடு கண்ணையும் காதையும் வைத்துக்கொண்டு நின்றோம். சீதேவிப்பிள்ளை இறால் வடையை நீட்டினாள். மிஸ் டீவியைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், முகம் இறுகியது.

"உங்களுக்குக் குறை ஒண்டும் இல்லைப் போல?"

"கடவுள் புண்ணியத்தில ஒரு குறையும் இல்ல மிஸ்."

இளையதம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

"நல்லா வேர்க்குது. அந்த ஃபேனைக் கொஞ்சம் போடுங்களன்."

"கரண்ட் போயிட்டு மிஸ்."

அதே நேரம் இளையதம்பி வீட்டு ரேடியோ தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தது. மிஸ் பாட்டு வந்த பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பைலை மூடினார்.

"போச்சு" என்றாள் இலட்சுமிப்பிள்ளை.

அப்போதுதான் பெட்டி பூட்டிய ஒரு லேன்ட்மாஸ்டர் உழவு மெஷின் வந்து என் படலையில் நின்றது. பின் தெருவில் ஒரு பெரியவர் காலமாகிவிட்டார், உடனே கதிரை வேண்டுமாம். மற்றக் கதிரை எல்லாம் கோயிலில் கிடந்தது. செத்தவீட்டுக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? சீதேவிப்பிள்ளையை வாசலுக்குக் கூப்பிட்டு மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். "மிஸ் போகட்டும். மறுகா எடுக்கிறன்" என்றும் சொன்னேன்.

"செத்தவீட்டுக்கா? ஐயோ, வாற ஆக்களை அவங்க எங்க இருத்துற? எடுங்க அண்ணே, எடுங்க!"

குரல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். உள்ளே ஓடினாள். கதிரைகளை அவளே தூக்கித் தூக்கி வெளியே தந்தாள். கடைசியில் ஒன்றுதான் மிச்சம்.

"மிஸ், கோவிக்காதீங்க. கொஞ்சம் ஒழும்புறீங்களா? செத்தவீடு."

மிஸ் எழும்பினார். கதிரையைத் திருப்பினார். முதுகில் நான் சிவப்புப் பெயின்டால் எழுதியிருந்ததை வாய்விட்டு வாசித்தார்: "உதயரூபன், வாடகைக் கதிரை."

பிறகு கேட்டார், "டீவி?"

"அது இளையதம்பி மாமாட." கம்சாயினி தாயை முந்திக்கொண்டாள். "ஃபேனும் அவர்ட. சங்கிலி இலட்சுமிப்பிள்ளை மாமிட. இந்த வீட்டுக்குக் கரண்டே எடுக்கல்ல மிஸ்."

"அப்ப உங்கட என்னதான் இரிக்கு?"

சீதேவிப்பிள்ளை தலையைக் குனிந்தாள். "பாய் இரிக்கு மிஸ். விரிக்கட்டா?"

மிஸ் வெடித்துச் சிரித்தார். வேலிக்கு இந்தப் பக்கம் எங்களுக்கும் அடக்க முடியவில்லை. பாயில் சம்மணம் போட்டு இருந்து பைலைத் திறந்தவர், வடையில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவும் இரவலா?"

"இல்ல மிஸ்! இது நான் சுட்ட."

"அப்ப இன்னும் ரெண்டு வைங்க. எழுத நேரம் எடுக்கும்."

குசினியைப் பார்த்தார், காயாத இடியப்பத் தட்டுகளைப் பார்த்தார், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். அதன் பிறகு எங்கள் தெருவில் தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுவோம். ஒருநாள் கம்சாயினி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"கிடைச்சிட்டு மாமா! பர்சரி கிடைச்சிட்டு!"

பின்னாலேயே தாய், மாவுக் கையோடு. "அண்ணே, கதிரை!"

"இப்ப ஆருகா வாறாங்க?"

"எல்லாரும்தான் வாறாங்க! உள்ள கதிரை முழுக்கத் தாங்க!"

அன்று பின்னேரம் அவள் முற்றம் நிறையக் கதிரை, கதிரை நிறைய ஆள். பிறெண்டா மிஸ்ஸும் வந்தார். ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டு, இருக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"உதயரூபன் அண்ணன், இண்டைக்குச் செத்தவீடு ஒண்டும் இல்லையே?"

"இல்ல மிஸ்" என்றேன். "ஆறுதலா இருங்க."