களப்பில் ஊறிய நாலு கட்டை

ஒரு வருடம் சேற்றுக்குள் கிடந்த சமண்டலைக் கட்டையைக் கரைக்கு இழுத்தால் முதலில் அழுகின முட்டை மணம்தான் வரும். பட்டையை உரித்துக் கழுவி நிழலில் ஒரு கிழமை போட்ட பிறகு அந்த மணம் போய், கையால் தடவினால் எண்ணெய் பூசியது போல ஒரு வழுவழுப்பு வரும். சிங்களத்தில் ஹல்மில்ல என்று சொல்வது இந்த மரத்தைத்தான். வள்ளம், வண்டில் சில்லு, கதவு நிலை என்று எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் அது போனது.

என் அப்பா சாம்பல்தீவில் ஓடாவி, மரவேலை செய்கிறவர். கந்தளாய்ப் பக்கத்துக் காட்டிலிருந்து பெர்மிட்டோடு வந்த நாலு கட்டைகளை அக்காவின் சீதன வீட்டுக்கென்று, பூச்சி அரிக்காமல் ஒரு வருடம் ஊறட்டும் என்று, ஊரை ஒட்டிய உப்புநீர்க் களப்பில் தாழ்த்தினார். எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். வாசல் நிலை வைத்த பிறகுதான் மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிப்பார்கள்.

தாழ்த்திய இடத்தில் மிதப்பு, கம்பு ஒன்றும் வைக்க மாட்டார்கள். வைத்தால் கள்ளனுக்கு வழி காட்டியது போல. கரையில் நிற்கும் ஒரு பனையையும் கோயில் மணிக்கூண்டையும் ஒரு நேர்கோட்டில் பார்த்து இடத்தை மனதில் வைத்துக்கொள்வார்கள். அதை "கணியம்" என்பார் அப்பா. கணியம் இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும் என்பது ஊர் வழக்கம். ஒருவருக்கு ஏதும் நடந்தால் மற்றவர் எடுப்பார். அந்த இரண்டாவது ஆள் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா.

"அத்தான், நான் செத்தா நீங்கள் எடுங்கோ, நீங்கள் செத்தா நான் எடுப்பன். ரெண்டு பேரும் ஒண்டாப் போனா மீனுக்குத்தான் சீதனம்" என்று வள்ளத்தில் இருந்துகொண்டு மாமா சொன்னார். அப்பாவும் சிரித்தார். எனக்கு அப்போது பத்து வயது. கரையில் நின்று நானும் சிரித்தேன்.

அடுத்த வருடம் கட்டைகளை எடுக்கப் போன அப்பா மத்தியானம் வரை தண்ணீருக்குள் சுழியோடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். "சேறு மூடிப்போட்டுது. வேற நாள் பாப்பம்" என்றார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காதது அன்று எனக்கு வித்தியாசமாகப் படவில்லை.

பிறகு பள்ளி விடுமுறையில் ஒரு நாள், லிங்கநகரில் ஒரு கடை முதலாளி கட்டிய வீட்டுக்கு வேலைக்குப் போகும்போது அப்பா என்னையும் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போனார். வாசல் நிலைக்கென்று முதலாளி பலகைகளை இறக்கி வைத்திருந்தார். அப்பா ஒன்றைப் புரட்டினார். பிறகு அதன் பக்கத்திலேயே குந்திவிட்டார்.

தாழ்த்தும் கட்டையில் கயிறு கோர்க்க ஒரு துளை போடுவார்கள். மற்ற ஓடாவிமார் நேராகப் போடுவார்கள்; அப்பா மட்டும் சரித்துப் போடுவார், கயிறு அறுக்காது என்று. பலகையாக அரிந்தால் மற்றவர்களின் துளை வட்டமாகத் தெரியும், அப்பாவின் துளை முட்டை வடிவாகத் தெரியும். அந்தப் பலகையில் முட்டைதான் இருந்தது.

"நல்ல மரம், என்ன ஓடாவியார்?" என்றார் முதலாளி. "உங்கட மச்சான்தானே கொண்டந்து தந்தவர். நாலு கட்டை. உங்களுக்குத் தெரியாதோ?"

"ஓம், தெரியும்" என்றார் அப்பா.

முதலாளி போன பிறகு என்னைக் கூப்பிட்டு அந்தத் துளையைக் காட்டினார். "அம்மாட்ட மூச்சு விடாதை பிள்ளை. கேட்டா அவளுக்குத் தம்பி இல்லாமல் போயிடும். வேற ஆர் இருக்கினம் அவளுக்கு?" பிறகு சீவுளியை எடுத்தார். அந்த நிலையை அவரே செய்தார். அவர் செய்த நிலைகளில் அதற்கு மேல் ஒன்று நான் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்து கேட்டபோது, "மரம் ஊறினதில பழுதாப் போச்சு. நான்தான் பிழையான மரத்தைத் தெரிஞ்செடுத்திட்டன்" என்றார் அப்பா. ஒரு ஓடாவி சொல்லக் கூடாத வார்த்தை அது. மாப்பிள்ளையின் தாய் எழும்பிக்கொண்டே, "ஊருக்கெல்லாம் கதவு செய்யிறார், தன்ர பிள்ளைக்கு ஓலைத் தட்டிதான் போல" என்றாள். அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அந்தக் கலியாணம் நின்றது.

அன்று பின்னேரம் மாமா வந்தார். குசினி அடுப்படியில் அம்மா சொன்னது எனக்குக் கேட்டது.

"ஒண்டு எண்டுதானேடா கேட்டனி? ஓம் எண்டன். நாலையும் எடுத்திட்டியே!"

"வள்ளத்துக்கு எஞ்சின் எடுக்க வேற வழி தெரியேல்லை அக்கா. அத்தானுக்குச் சொல்லிப்போடாதைங்கோ."

"சொன்னா அந்த மனிசன் தாங்காது. போ."

அம்மாவுக்காக அப்பா மறைத்தார். அப்பாவிடம் அம்மா மறைத்தாள். இரண்டும் எனக்குத் தெரியும். ஒரே பாயில் படுத்து எழும்பி, இருவரும் அதைச் சொல்லாமலே செத்துப் போனார்கள்.

அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அப்பாவின் செத்த வீட்டுக்கு அவள் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாள். லீவு கேட்டாளா என்றே எனக்குத் தெரியாது.

இப்போது அவள் ஊரோடு வந்து, தன் உழைப்பில் கட்டிய வீட்டில் இருக்கிறாள். நிலை எல்லாம் கொங்கிறீட். களப்பில் கட்டை தாழ்த்திய பக்கத்தை மண் போட்டு நிரப்பி வேலி அடைத்துவிட்டார்கள். பனையும் இல்லை. சமண்டலை என்று சொன்னால் மரம் விற்கிற மரக்காலைப் பொடியன்கள் என்னைத் திருப்பிக் கேட்கிறார்கள், அது என்ன மரம் என்று.

மாமா இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. போன ஞாயிறு அவருக்கு மீன் குழம்பை ஊற்றிக்கொண்டு அக்கா சொன்னாள்: "மாமா ஒருத்தர்தான் எங்களுக்கெண்டு நிண்டவர். அப்பா ஒரு மரத்தைப் பாத்து வாங்கத் தெரியாத மனிசன்." மாமா தலையைக் குனிந்து சாப்பிட்டார். நான் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் தள்ளினேன்.

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு அம்மா உயிரோடு இருக்கும் மட்டும்தான். அவள் போய் ஆறு வருடம். எனக்கு வாயால் சொல்ல ஏலாது, அதனால் எழுதிவிட்டேன். மாமா வருகிற ஞாயிறும் வருவார். அதற்கு முதல் அக்கா இதை வாசிக்க வேண்டும்.