ஆடும் மின்விசிறியும் ஏலத்துக்கு வந்தன

கோவில்பட்டியில் ஒரு கூரியர் அலுவலகத்தில் பார்சல் பதியும் வேலை எனக்கு. தீப்பெட்டி லேபிளைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதையே அங்கேதான் தெரிந்துகொண்டேன். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, மேலே ‘மடக்காதீர்’ என்று எழுதி, அந்தத் துண்டுக் காகிதத்தை அசாமுக்கும் ஜெர்மனிக்கும் அனுப்புகிறார்கள். இந்த ஊரில் பிறந்தவளுக்கு இது வேடிக்கைதான். எங்கள் வீட்டில் மிஞ்சிய லேபிளை அலமாரித் தட்டில் விரிப்போம், இல்லையென்றால் அடுப்புப் பற்றவைப்போம்.

அப்பா சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் நடத்தினார். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவருடைய லேபிளில் சிவப்புப் பின்னணியில் ஓர் ஆடு நிற்கும், அதன் தலைக்கு மேலே ஒரு மின்விசிறி. அச்சகத்தில் சும்மா கிடந்த இரண்டு படங்களைச் சேர்த்து மலிவாக அடித்துக் கொடுத்தார்கள். இந்த வெயிலில் ஆட்டுக்காவது காற்று வரட்டும் என்பார் அப்பா. அவர் போன பிறகு ஆபீஸ் இருந்த இடத்தை விற்றதில் எனக்கும் அண்ணனுக்கும் மனத்தாங்கல். அவன் கோயம்புத்தூரில் இருக்கிறான். நல்லது கெட்டதில் பார்த்தால் ஒரு தலையசைப்பு, அதோடு சரி. மற்றவர்கள் லேபிளையெல்லாம் பதிந்து அனுப்பிக்கொண்டிருந்தபோது அப்பாவுடையதில் ஒன்று எனக்கு வேண்டும் என்று தோன்றியது. தோன்றியபின் அது விடவில்லை.

இணையத்தில் லேபிள் ஏலம் விடும் தளங்கள் இரண்டு என்று வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார். ஒன்று பெரியது, உலகமே அங்கேதான் வாங்குகிறது, விற்கிறது. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்று சில மாதம் வேடிக்கை பார்த்தேன். படங்கள் கண்ணாடி மாதிரி இருக்கும், பணத்துக்கும் பொருளுக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் எதிரே கேட்பது யாரென்று கடைசிவரை தெரியாது. நாள் முழுக்கச் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, முடியும் நொடியில் எவனோ மேலே கேட்டுத் தூக்கிக்கொண்டு போவான். கேட்ட விலையைத் திரும்ப வாங்கவும் வழியில்லை. ஆடுகள் நிறைய வந்தன. மின்விசிறியோடு ஒன்றும் வரவில்லை.

இன்னொன்றை மதுரையில் ஒருவர் தனியாளாக நடத்துகிறார். அந்தப் பக்கம் திறப்பதே சாண் ஏற முழம் சறுக்கும் கதை. படங்கள் மங்கல். ஏலம் சாயங்காலம் முடியும் என்று போட்டிருந்தால் மறுநாள் காலையில்தான் முடியும். கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான், எல்லாரையும் அவருக்குத் தெரியும், சந்தேகம் என்றால் போனில் கூப்பிடுவார். முடிவதற்குள் வேண்டாம் என்று எழுதி விலகிக்கொள்ளவும் விடுவார்; எழுதியதுமே நாம் கேட்ட விலை தானாக நீங்கிவிடும். இது வியாபாரமா, விருந்தாளி வரவேற்பா என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கேதான் எங்கள் ஆடு வந்தது. கேரளத்துக்காரர் ஒருவர் முதலில் கேட்டிருந்தார். நான் மேலே கேட்டேன். எனக்கு மேலே இன்னொரு ஆள் கேட்டார். இரண்டு நாள் இப்படியே ஏறியது. யாருக்கும் தேவைப்படாத லேபிளுக்கு இந்த ஆள் ஏன் இப்படி நிற்கிறான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மூன்றாம் நாள் மதுரைக்காரர் கூப்பிட்டார்.

“அக்கா, உங்களுக்கு மேல கேக்குறவரு கோயம்புத்தூரு. ஏன் இத்தனை வேகம்னு கேட்டேன். எங்கப்பா ஆபீஸ் லேபிளுங்கிறாரு. நீங்களும் அதத்தான சொன்னீங்க?”

எனக்கு உடம்பு கூசிவிட்டது. எங்கள் குலசாமி கோவில் கொடைத் திருவிழாவில் எலுமிச்சம்பழம் ஏலம் விடும்போது, கூடப்பிறந்தவர் கேட்டுவிட்டால் அதற்கு மேல் நாம் கேட்கக்கூடாது. சண்டையில் இருந்தாலும் அதுதான் முறை. சண்டையில் இருந்தால் இன்னும் கவனமாக இருப்பார்கள். நான் விலகிக்கொள்கிறேன், அவரே எடுக்கட்டும், அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டுப் பார்சல் பதியப் போய்விட்டேன்.

சாயங்காலம் பார்த்தால் லேபிள் கேரளத்துக்காரருக்குப் போயிருந்தது. மதுரைக்காரரைக் கூப்பிட்டேன். எதிரே கேட்பது நான்தான் என்று அவர் சொன்னதும் அண்ணனும் அதேபோல எழுதிவிட்டிருக்கிறான், தங்கச்சியிடம் சொல்ல வேண்டாம் என்று. இவர் ஒரு கல்யாண வீட்டில் இருந்துவிட்டு வந்து இரண்டையும் படித்து எங்களைக் கூப்பிடுவதற்குள், ஒரு நாளும் நேரத்துக்கு முடியாத தளம் அன்றைக்கு மட்டும் சொன்ன நேரத்தில் முடிந்துவிட்டது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணனிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரிக்கவில்லை.

“ஏட்டி, நீ எடுத்துக்கிடுவன்னுல்லா விட்டேன்.”

“நானும் ஒனக்குன்னுதாம்ணே விட்டேன்.”

அவன் சிரித்தான். எனக்கு அழுகைதான் வந்தது.

போன வாரம் கேரளத்துக்காரர் அதையே பெரிய தளத்தில் ஏலத்துக்குப் போட்டுவிட்டார். படம் பளிச்சென்று இருக்கிறது; மின்விசிறியின் இறக்கைகூடத் தெளிவாகத் தெரிகிறது. அங்கே விலக முடியாது, அதனால் யாராவது ஒருவர்தான் கேட்க வேண்டும். நீ கேள் என்கிறான் அவன், நீ கேள் என்கிறேன் நான். இதைப் பேசத்தான் தினமும் கூப்பிடுகிறான். நடுவே அவனுடைய முட்டிவலி, என் மகளின் வேலை, கயத்தாறில் இருக்கும் சித்தியின் கண் ஆபரேஷன் எல்லாம் வருகின்றன. கடைசியில் மறுபடியும் நீ கேள், நீ கேள்.

நாளைக்கு ஏலம் முடிகிறது. லேபிள் எங்கள் கைக்கு வந்துவிட்டால் அதற்கு மறுநாள் எதைச் சொல்லிக் கூப்பிடுவான் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.